இரண்டாவது வெட்டு

என் பிரியமுள்ள தம்பி சரவணா,

நல்லாயிருக்கியா என்று எழுதக் கை வந்துவிட்டது. வெட்டுப்பட்டு மண்ணுக்குள் போனவனிடம் என்ன சுகம் விசாரிப்பது? அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உனக்கு வருஷப் படையல் போட்டோம். தவசியும் வந்திருந்தான். உன்னை வெட்டிய அதே தவசி, நம் பெரியப்பா மகன். அவன் உயிரோடு திரும்பிப் போவானா மாட்டானா என்பது என் கையிலிருந்த செம்பில் இருந்தது. அந்தச் செம்பை நான் என்ன செய்தேன் என்று உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதை ஊரறிய எழுதுகிறேன். பேப்பர்க்காரன் 'ஏலத்தோட்டத் தகராறில் வாலிபர் வெட்டிக்கொலை' என்று நாலு வரியில் உன்னை முடித்துவிட்டான். நீ என்ன தகராறு செய்தாய்? உன் வாழ்க்கையில் ஒரு கொசுவை ஓங்கி அடித்திருப்பாயா? தெரியாதவர்களும் படிக்கட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததை நான் திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள். வேறு சோலி உனக்கு அங்கே என்ன இருக்கிறது?

நீ ஒயின் விற்கிறாய் என்று தெரிந்த அன்று உன்னை நான் விளக்குமாற்றால் சாத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? மதுரையில் கேட்டரிங் படித்தாய், கப்பலில் போனாய், இத்தாலியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை என்றாய். சரி, தட்டு ஏந்துகிறான் பிள்ளை என்று இருந்தேன். ஒருநாள் பெட்டியைத் திறக்கிறேன், சட்டைக்குள் சுற்றிச் சுற்றிப் பாட்டில்கள். நம் அப்பா குடித்துக் குடித்தே ஈரல் வெந்து செத்தவர். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

"அவரு குடிச்சு அழிச்சாரு, நீ வித்து அழிக்கப் போறியா? குடிகாரன் பெத்த புள்ளைகன்னு ஊரு சொல்றது பத்தாதா?" என்று கத்தினேன்.

"அக்கா, அக்கா, அடிக்காதக்கா. ஒரே ஒரு தடவ மோந்து பாரு. குடிக்க வேணாம். மோந்து மட்டும் பாரு."

"உன் மூக்கை ஒடைச்சிருவேன்."

"எம் மூக்க ஒடை. உன் மூக்கை மட்டும் ஒரு நிமிசம் கொண்டா."

உனக்குத் தெரியும், என் மூக்கு என்றால் எனக்குக் கொஞ்சம் கர்வம். ஏலக்காய்ச் சாக்கைப் பிரித்ததும் இந்தக் காய் வெயில் சரிவில் விளைந்ததா நிழல் சரிவில் விளைந்ததா என்று சொல்லிவிடுவேன். அந்த இடத்தில் பார்த்து அடித்தாய், களவாணிப் பயலே. விளக்குமாற்றைக் கீழே வைக்காமலேதான் குனிந்தேன்.

பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் இருந்தது. நான் நினைத்த சாராய நெடி இல்லை. முதலில் காய்ந்த நார்த்தங்காய். அதற்குப் பின்னால் ஜாதிபத்திரி. அதற்கும் பின்னால், கோடை மழை விழுந்த பாறையில் ஒரு வாசம் வருமே, அது. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கக்கா மூக்கு கண்டுபிடிச்சிருச்சு" என்று தரையில் உட்கார்ந்து கைதட்டினாய்.

அன்றைக்குத்தான் அந்த மூணு விரல் பெரியவரைப் பற்றிச் சொன்னாய். இத்தாலியும் ஸ்லோவேனியாவும் முட்டிக்கொள்ளும் மலையில் அவருக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம். முதல் உலக யுத்தத்துப் பெரிய சண்டை ஒன்று அந்த மலையில்தான் நடந்ததாம். இன்றைக்கும் உழுதால் குண்டு தட்டுப்படுமாம், சில நேரம் எலும்பும் வருமாம். இளவயதில் மண்வெட்டி ஒரு குண்டில் பட்டு இரண்டு விரல் போனது. மிச்ச மூன்று விரலால்தான் அறுபது வருஷமாகக் கொடியைக் கவாத்து செய்கிறார் என்றாய். வீடு ஒரு நாட்டில், பாதிக் கொடி இன்னொரு நாட்டில்.

"நம்ம போடிமெட்டு செக்போஸ்ட் மாதிரியாடா?" என்று கேட்டேன்.

"அதேதான்க்கா. வீடு போடியில, தோட்டம் கேரளாவுல."

அவர் முதல்நாள் உன்னை வாசலிலேயே நிறுத்தி, விற்பதற்கு ஒன்றும் இல்லை, போ என்று விரட்டினார். நீ போகவில்லை. அறுப்பு நடந்துகொண்டிருந்தது, கூடையைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டு கூலியாட்களோடு இறங்கிவிட்டாய். ஏலச்சரிவில் ஏறி இறங்கிய கால் அல்லவா? அறுப்பு முடிகிற வரை சுமந்தாய். கடைசி நாள் அவரே உன்னைப் பாதாள அறைக்குக் கூட்டிப்போய்ப் பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்துக் கொடுத்தார். வெள்ளைத் திராட்சையைத் தோலோடு மாசக்கணக்கில் ஊறப்போடுகிறவர், மருந்து கலக்காதவர், பாட்டிலில் பேரெழுதிய பேப்பரைக்கூடத் தன் கையால் ஒட்டுகிறவர்.

அப்புறம் நீ இத்தாலியில் இருக்கவில்லை, பஸ்சு பஸ்சாக ஏறி இறங்கினாய். காற்று பிய்த்து எறிகிற ஒரு கிரேக்கத் தீவில் கொடியைத் தரையிலேயே கூடைபோலப் பின்னி, கூடைக்குள் பழத்தை ஒளித்து வளர்க்கிறார்கள் என்று போன் போட்டாய். பிரான்சில் ஒரு மலையடிவாரத்தில் பீப்பாயை நிரப்பாமல் விட்டு, ஒயின் மேல் பாலாடைபோல ஆடை கட்டவிட்டு, வருஷக்கணக்கில் தொடாமல் வைக்கிற ஆட்களைப் பார்த்தேன் என்றாய். அந்த மஞ்சள் ஒயினை நீ கொண்டுவந்தபோது நான் மோந்துவிட்டு, "என்னடா, வெந்தயம் வறுத்த சட்டி மாதிரி இருக்கு" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அங்கே பெரிய பெரிய ஆட்களெல்லாம் அதையே சுற்றி வளைத்துச் சொல்வார்களாம்.

"பெரிய கம்பெனி ஒயினு எந்த வருசம் குடிச்சாலும் ஒரே ருசிக்கா. கலர்த் தண்ணி. இவுக ஒயின்ல அந்த வருசத்து வெயிலு இருக்கும், அந்தச் சரிவு இருக்கும், அந்த ஆளோட கோவம்கூட இருக்கும்" என்பாய். கோபம் இருக்கும் என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது. கொச்சியில் ஒரு பெண்ணோடு கூட்டு வைத்து, அந்தச் சின்னச் சின்ன ஆட்களின் பாட்டில்களை நம் நாட்டுக்கு இறக்கத் தொடங்கினாய். நீங்களும் இப்படி ஒயின் செய்யலாம் என்று கம்பத்துத் திராட்சைக்காரர்களிடமும் போய்ப் பேசினாய். அவர்கள் உன்னைப் பைத்தியம் என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

இனி வருவதை எழுத எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.

போன மாசியில் நீ வந்தபோது மலையில் பங்காளிக் காய்ச்சல் முற்றிக் கிடந்தது. நம் தோட்டத்துக்கு மேலே தவசி தோட்டம். அவன் ஜீப்பு நம் நிலத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். என் வீட்டுக்காரர், உன் மச்சான் பாண்டி, அந்த வழியில் சங்கிலி போட்டுப் பூட்டினார். நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், கீழ்வரிசைச் செடிகளைத் தூரோடு வெட்டிச் சாய்த்திருந்தான். காய்க்கிற செடி சரவணா, சிம்பு சிம்பாக, தண்டு தண்டாகக் கிடந்தது. அதற்கு மறுநாள் டீக்கடையில் நாலு பேர் கேட்க, "சங்கிலிய எடுக்கல, ஸ்டோரையே வெடி வச்சுத் தகத்துருவேன்" என்று தவசி கத்தியிருக்கிறான். அன்றிலிருந்து உன் மச்சான் வாக்கத்தி அரிவாள் இல்லாமல் வெளியே இறங்கவில்லை.

நீ இரண்டு பெட்டி நுரை ஒயினோடு வந்து இறங்கினாய். அதுவும் அந்த மூணு விரல்காரர் செய்ததுதான். பொங்கி முடியும் முன்பே பாட்டிலில் அடைத்துவிடுவாராம், அடைத்த பிறகும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்குமாம். "உசுரு இருக்குக்கா இதுல" என்றாய். போடி வெயில் ஆகாது என்று மலைக்குக் கொண்டுபோனாய். அங்கே பூட்டுள்ள ஒரே அறை ஏலக்காய் ஸ்டோர். சீசன் முடிந்து அடுப்பு அணைந்து, கல்சுவர் ஜில்லென்று இருட்டாகக் கிடந்தது. பின்மூலையில் சாக்குக்கு அடியில் பாட்டில்களைப் படுக்க வைத்துவிட்டு என்னோடு கல்யாண வீட்டுக்குப் போடிக்கு இறங்கிவிட்டாய். மச்சானிடம் சொல்லவில்லை. ஒயின் என்றாலே அவர் உன்னை 'சாராய யேவாரி' என்று கேலி பேசுவார், அதனால் சொல்லவில்லை.

வேறு எந்த ஊரிலாவது இப்படி நடக்குமா? ஸ்டோரைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பறித்த ஏலக்காயை அன்றைக்கே உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பச்சை நிறம் போய்விடும். வெளியே அடுப்பில் விறகைப் போட்டால், அறைக்குள் தரையோடு ஓடும் குழாய் வழியாகச் சூடு ஏறும். கதவைச் சாத்திவிடுவார்கள். நாம் கல்யாண வீட்டில் இருந்த அன்று, ஒதுங்கிக் கிடந்த ஒரு துண்டில் நாலு மூட்டை காய் மிச்சம் இருக்கிறதென்று மச்சான் ஆளை விட்டு எடுத்திருக்கிறார். கொஞ்சம் காய்தானே என்று முன்பக்கத் தட்டுகளில் மட்டும் பரப்பி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். பின்மூலைப் பக்கம் யாரும் போகவில்லை.

நம் ஜீப்பு கடைசி வளைவில் திரும்பும்போது பொழுது இறங்கிப் பனி மூடிக்கொண்டிருந்தது. டமார் என்று முதல் சத்தம். அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசையாக. கதவுத் தகரம் அதிர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"வச்சுட்டான்டா! ஸ்டோருக்கு வெடி வச்சுட்டான்டா!" என்று உன் மச்சான் அலறிக்கொண்டு ஆட்களோடு மேலே ஓடினார். மேலே தவசிக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. பாண்டி துப்பாக்கி எடுத்துவிட்டான் என்று அவன் ஆட்களோடு கீழே இறங்கினான். இரண்டு பக்கமும் வாக்கத்தி. நீ ஜீப்பிலிருந்து குதித்து நேரே ஸ்டோருக்குள் போனாய். வெளியே வந்தபோது சட்டையெல்லாம் நனைந்து, நெற்றியில் கண்ணாடிச் சில்லு கீறி, வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு வந்தாய். வெடிக்காத பாட்டில் ஒன்று உன் கையில் இருந்தது.

"வெடி இல்ல! ஒயினு! நிறுத்துங்கடா, இதுதான் வெடிச்சது, இதுதான்!" என்று பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, மச்சானைத் தாண்டி, நேரே தவசியைப் பார்த்து ஓடினாய்.

அட கூறுகெட்டவனே, பனியில் கையை ஓங்கிக்கொண்டு ஓடிவருகிறவன் கையில் இருப்பது பாட்டிலா குண்டா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கீழே வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

முதல் வெட்டு தோளில் விழுந்தது. பாட்டில் கல்லில் விழுந்து உடைந்து நுரை நுரையாகப் பொங்கியது. நான் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தேன், உன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. நீ தோளைப் பிடித்துக்கொண்டு அவனிடம் என்னவோ சொன்னாய். தவசி நின்றான். நின்று, உன்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, இரண்டாவது வெட்டைக் கழுத்தில் வெட்டினான்.

ஜீப்பில் உன் தலை என் மடியில் இருந்தது. என் சேலை முந்தானை முழுவதையும் கழுத்தில் வைத்து அமுக்கினேன், ரத்தம் விரல் இடுக்கில் வந்துகொண்டே இருந்தது. "வெரசாப் போங்கடா, வெரசாப் போங்கடா" என்று டிரைவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். மலை இறங்கி முடிவதற்குள் நீ போய்விட்டாய். உன் சட்டையில் ரத்தமும் ஒயினும் கலந்து அடித்த வாடை என் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை. மூக்கு நல்ல மூக்காக இருப்பதில் இப்படி ஒரு தண்டனை இருக்கிறது.

சரவணா, முதல் வெட்டை நான் அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். ஆமாம். பனி, இருட்டு, சத்தம், பயம். நானாக இருந்தாலும் வீசியிருப்பேன். கோர்ட்டில் அவன் வக்கீல் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆனால் அந்த இரண்டாவது வெட்டு? பாட்டில் உடைந்து, நுரையைப் பார்த்து, உன் முகத்தைப் பார்த்து, அதற்கப்புறம் எதற்கு வெட்டினான்? ஒரு வருஷமாக நான் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தது இந்த ஒரே கேள்வியைத்தான்.

தவசி ஜெயிலில் உனக்காக மொட்டை போட்டுக்கொண்டான் என்று சேதி வந்தது. பங்காளி அல்லவா? செத்தவனின் தீட்டு அவனுக்கும் உண்டு. வெட்டியவனே தீட்டுக் காக்கிற கூத்தை எங்கே போய்ச் சொல்வது? கேட்டதும் நான் சோற்றுத்தட்டைச் சுவரில் எறிந்தேன்.

நம் வகையறாவில் வெட்டுப்பட்டுச் செத்தால் வருஷம் முழுக்கத் தீட்டு. கல்யாணம் கிடையாது, சாமி கும்பிடு கிடையாது. வருஷப் படையலில் செத்தவனுக்குப் பிடித்ததை வைத்து, அதைக் கூடப்பிறந்தவள் தன் கையால் பங்காளிகளுக்கு ஆளுக்கு ஒரு கை ஊற்ற வேண்டும். குனிந்து கையேந்திக் குடித்தால் அவனுக்குத் தீட்டு விலகும். அவள் ஊற்றாமல் விட்டவன் பங்காளியே இல்லை. அவன் செத்தால் யாருக்கும் தீட்டுக் கிடையாது, தலை மழிக்கவும் ஆள் கிடையாது, பாடைக்குத் தோள் கொடுக்கவும் ஆள் கிடையாது. அப்படி யாரையும் விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. எவ்வளவு பகை இருந்தாலும் ஊற்றிவிடுவார்கள்.

போன மாசம் தவசி ஜாமீனில் வந்தான். பெரியசாமிச் சித்தப்பா என்னிடம் வந்து, "வெட்டுனாலும் பங்காளி பங்காளிதான்த்தா. அவனும் வரணும், அப்பத்தான் மொத்தத் தீட்டும் கழியும்" என்றார். வரட்டும் என்றேன். அவர் என் பெருந்தன்மையைப் பார்த்துக் கண்கலங்கிப் போனார். பாவம் அந்த மனுஷன்.

உன் மச்சான் ஒரு வருஷமாக என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அடுப்பைப் பற்றவைத்தது தான்தான் என்று அவருக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது. சித்தப்பா போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கையேந்திக் குனிவான்ல செல்வி. நீ ஊத்து. அது போதும் எனக்கு."

எனக்குப் புரிந்தது. சரி என்றேன். பொய் சொல்ல மாட்டேன் சரவணா, சரி என்று சொன்னபோது என் நெஞ்சு குளிர்ந்தது. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

படையலுக்கு உனக்குப் பிடித்ததென்று வேறு எதை வைப்பது? கொச்சிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் அந்தப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறாள். அவருக்கு நீ செத்த விவரம் முன்பே தெரியும், அழுதாராம். உன் முதுகில் கூடை இருந்த அந்த வருஷத்து அறுப்பில் செய்த ஒயினில் ஆறு பாட்டில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கொச்சிப் பெண்ணே ஜீப்பு பிடித்து மலையேறி இறங்கி, மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ராசிங்காபுரத்தில் அப்பா பங்கு வயலில், உன்னைப் புதைத்த இடத்தில் படையல். கிடாக்கறி, முட்டை, உனக்குப் பிடித்த சுண்டவத்தல் எல்லாம் வைத்தேன். வெயில் ஏறியிருந்தது. ஒயினைப் பித்தளைச் செம்பில் ஊற்றினேன். பங்காளிகள் வரிசையாக வந்தார்கள். ஒருத்தன், "என்ன ஆத்தா, கட்டன் சாயாவா ஊத்துற?" என்றான். இன்னொருத்தன் ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். பெரியசாமிச் சித்தப்பா மட்டும் நாக்கைச் சப்புக்கொட்டி, "நார்த்தங்கா மாதிரியில்ல இருக்கு? இன்னும் ஒரு கை ஊத்துத்தா" என்றார். அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் கைதட்டியிருப்பாய்.

கடைசியாகத் தவசி வந்தான். மொட்டைத்தலை, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என் கண்ணைப் பார்க்காமல் வந்து குனிந்து கையை ஏந்தினான். அவனுக்குப் பின்னால் உன் மச்சான். அவர் வேட்டிக்குள் அரிவாள் இருந்தது எனக்குத் தெரியும்.

"ஊத்துக்கா" என்றான்.

"ஒண்ணு கேக்கணும். மொத வெட்டு பயத்துல வெட்டுன, ஒத்துக்கிறேன். ரெண்டாவது வெட்டு எதுக்குடா?"

அவன் ஏந்திய கையை எடுக்காமல், குனிந்தபடியே, மண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"பாட்டிலு ஒடஞ்சு நொரையாப் போச்சுல்ல, அப்பவே தெரிஞ்சிருச்சுக்கா. அவன் தோளைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். 'ஒயினுடா கூமுட்ட. ஒயினுக்குப் பயந்தா அருவாளத் தூக்கிட்டு வந்த?'ன்னு சிரிச்சான். எனக்குப் பின்னாடி எம்புட்டு ஆளு நிக்கிறாக. எனக்கு அசிங்கமாப் போச்சு. அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான்! வழிக்காக இல்லை, செடிக்காக இல்லை, சங்கிலிக்காக இல்லை. தோள் பிளந்து ரத்தம் ஒழுகும்போதும் நீ சிரித்திருக்கிறாய், நாலு பேர் முன்னால் அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்காக என் தம்பியின் கழுத்து. உன் மச்சானின் கை வேட்டிக்குள் போனது. என் செம்பு சரிவதை மட்டும்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவசி தலையை இன்னும் தாழ்த்தினான். "மச்சான் பின்னாடி நிக்கிறது தெரியும்க்கா. தெரிஞ்சுதான் வந்தேன். வெட்டச் சொல்லு. ஊத்திட்டு வெட்டச் சொல்லு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு கை ஒயின் வாங்கிக்கொண்டு செத்தால், அவன் பங்காளியாகச் சாவான். பத்துப் பேர் தலை மழிப்பார்கள். மாலை விழும். என் புருஷன் ஜெயிலுக்குப் போவார். அவன் உள்ளங்கை என் செம்பை முட்டுகிற அளவுக்கு எட்டி வந்தது, அவ்வளவு தாகம் அந்தக் கைக்கு.

நான் செம்பைத் தூக்கி, மிச்சம் இருந்த அத்தனையையும் என் வாயில் ஊற்றிக் குடித்தேன். பங்காளிகள் அத்தனை பேர் முன்னால், குடிகாரன் மகள், இதுவரை சொட்டுக்கூட நாக்கில் வைக்காதவள்.

"செல்வி! என்னத்தா பண்ற!" என்று சித்தப்பா கத்தினார்.

நான் உன் மச்சானைப் பார்த்துச் சொன்னேன், "என்னங்க, அருவாளக் கீழ போடுங்க. இவன் நமக்கு யாரும் இல்ல. யாரோ ஒருத்தன வெட்டிட்டு நீங்க எதுக்கு ஜெயிலுக்குப் போகணும்?"

அவர் அரிவாளை வரப்பில் போட்டுவிட்டு உட்கார்ந்து, ஒரு வருஷமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். தவசி என் காலைப் பிடித்தான். "அக்கா, ஒரு சொட்டு ஊத்துக்கா, நாக்குல வைக்கிற அளவுக்கு ஊத்துக்கா" என்று நெற்றியை மண்ணில் மோதினான். நெற்றி கிழிந்து ரத்தம் வந்தது. காலை உதறிக்கொண்டேன். பங்காளிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் இலை போட்டோம். அவனை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை, திட்டவும் இல்லை. கறி பரிமாறிக்கொண்டு வந்தவன் அவன் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனான்.

ஒயின் எப்படி இருந்தது என்று கேட்பாய். வாயில் வைத்ததும் துவர்த்தது, நாக்கைப் பிடித்து இழுத்தது. விழுங்கின பிறகுதான் நீ சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. கோபமும் இருந்தது, அது அந்தப் பெரியவருடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. கொச்சிப் பெண் உன் இடத்தில் என்னை மோந்து பார்க்கக் கூப்பிடுகிறாள். போகலாம் என்றிருக்கிறேன். அந்த மூணு விரல்காரர் முன்னால் ஒருநாள் போய் நிற்கவும் ஆசை இருக்கிறது.

நீயாக இருந்தால் அவனுக்கு ஊற்றியிருப்பாயா? ஊற்றியிருப்பாய். "விடுக்கா, தாகமா இருக்கான்" என்று இரண்டு கை ஊற்றியிருப்பாய். அதனால்தான் நீ மண்ணுக்குள் கிடக்கிறாய், நான் செம்போடு நிற்கிறேன்.

உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன். தவசிமேல் இனி ஒரு கீறல் விழ விடமாட்டேன். உன் மச்சானானாலும் சரி, வேறு எவனானாலும் சரி, அவனுக்கு முன்னால் நானே போய்க் குறுக்கே நிற்பேன். அவன் நன்றாக இருக்கட்டும், கிழவனாகட்டும். ஒவ்வொரு வருஷமும் இதே நாளில் இந்த வயலுக்கு வந்து கையேந்தட்டும். ஒவ்வொரு வருஷமும் அவன் பங்கை அவன் கண்முன்னால் நானே குடிப்பேன்.

உனக்கு ஊற்றவும் அவனுக்கு ஊற்றாமலிருக்கவும் உயிரோடிருக்கிற,
உன் கூடப்பிறந்தவள்
செல்வி